வீட்டுக் கணக்கு: சாதமும் ஊறுகாயும்

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை. வாசலில் கோலம் போட்டுவிட்டு அப்பொழுதுதான் உள்ளே வந்து காபிக்குப் பால் வைத்திருந்தேன். ஆட்டோ வந்து நிற்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் என் நாத்தனார்! கையில் ஒரு துணிப்பை; முகத்தில் ஒரு பரபரப்பு. பின்னாலேயே அவள் பிள்ளை, செல்போனைப் பார்த்தபடியே இறங்கினான்.

"அண்ணி, இன்றைக்கு ஒரு நல்ல காரியம் ஆரம்பிக்கப் போகிறேன். உங்கள் வாயால் 'சரி' என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், போதும்" என்றாள்.

நல்ல காரியம் என்றதும் பிள்ளைக்கு இடம் பார்த்துவிட்டாள் போலிருக்கிறது என்று எனக்குச் சந்தோஷம். "பெண்ணுக்கு எந்த ஊர்?" என்று கேட்டேன்.

"பெண்ணாவது ஊராவது! பங்கு வாங்கப் போகிறேன் அண்ணி, பங்கு!" என்றாள்.

ஊஞ்சலில் உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்த என் கணவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தங்கையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் மறுபடியும் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பண விஷயம் என்றால் அவர் என்னிடம் விட்டுவிடுவது வழக்கம்.

சங்கதி இதுதான். என் நாத்தனார் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பென்ஷன் என்று பேருக்கு ஏதோ கொஞ்சம் வருகிறது. பிராவிடண்டு பண்டும் கிராஜுயிடியும் சேர்ந்து 20 லட்சம் ரூபாய் கைக்கு வந்திருந்தது. கணவர் காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. சொந்த வீடு, மாடியில் ஒரு குடித்தனம். மாடி வாடகையும் இந்த 20 லட்சமுந்தான் அவளுக்கு இனிமேல் ஆதாரம்.

பிள்ளை தங்கமானவன். அவனுடைய காரியாலயத்துச் சிநேகிதன் ஒருவன் போன வருஷம் ஏதோ ஒரு கம்பெனியின் பங்கை வாங்கி, அது இப்பொழுது மூன்று மடங்கு ஆகிவிட்டதாம். "அம்மா, பத்து லட்சத்தை இதிலே போடு. பாங்கிலே தூங்குகிற பணம் எழுந்து ஓடும்" என்று சொல்லியிருக்கிறான். அம்மாவுக்குப் பிள்ளையின் மேல் நம்பிக்கை. பிள்ளைக்குச் சிநேகிதன் மேல் நம்பிக்கை. சிநேகிதனுக்கு அந்தக் கம்பெனியின் மேல் நம்பிக்கை. கம்பெனிக்கு யார் மேல் நம்பிக்கையோ, தெரியவில்லை!

நான் 'சரி' என்றும் சொல்லவில்லை. 'வேண்டாம்' என்றும் சொல்லவில்லை. உள்ளே போய்த் தகரப் பெட்டியைத் திறந்து, அடியில் பட்டுப்புடவைக்குக் கீழே இருந்த ஒரு பழைய காகிதத்தை எடுத்து வந்து அவள் மடியில் வைத்தேன்.

அப்பாவின் காகிதம்

அது என் தகப்பனார் வாங்கிய பங்குப் பத்திரம். பச்சை நிற ஓரம், அழகான சித்திரம், இரண்டு டைரக்டர்களின் கையெழுத்து எல்லாம் அதில் உண்டு. 1992-ஆம் வருஷத்துச் சமாசாரம். முந்தைய ஆண்டின் நடுவில் 2,000 புள்ளிகூட எட்டாமல் இருந்த பம்பாய்ச் சந்தையின் ஸென்ஸெக்ஸ் குறியீடு, 1992 ஏப்ரலில் 4,400-ஐத் தாண்டிக் குதித்தது. பால்காரர், பத்திரிகைக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் பங்கைப் பற்றியே பேசினார்கள். அப்பா தம் ஓய்வூதியத் தொகையில் பெரும் பகுதியை ஒரே ஒரு கம்பெனியில் போட்டார். தெரிந்தவர் ஒருவர் சொன்ன கம்பெனி.

பாங்குப் பணம் முறைகேடாகச் சந்தைக்குள் புகுந்த ஊழல் அந்த மாதமே வெளிப்பட்டது. அடுத்த ஓராண்டில் ஸென்ஸெக்ஸ் ஏறக்குறையப் பாதியாக இறங்கிற்று. என் தங்கையின் கல்யாணம் அம்மாவின் வளையல்களால் நடந்தது.

"சந்தை அப்புறம் எழுந்திருக்கவில்லையா மாமி?" என்று கேட்டான் பிள்ளை.

"எழுந்ததப்பா. எத்தனையோ மடங்கு எழுந்தது. அப்பாவின் கம்பெனிதான் எழவில்லை" என்றேன்.

அவன் அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். காபி ஆறிக்கொண்டிருந்தது.

சகோதரிகளே! "எந்தப் பங்கு வாங்கலாம்?" என்று கேட்டு உங்களில் பலர் எழுதியிருக்கிறீர்கள். அன்று எங்கள் கூடத்தில் மூன்று மணி நேரம் நடந்த பேச்சையே அதற்குப் பதிலாக இந்த வாரம் எழுதுகிறேன்.

முதல் கேள்வி பங்கைப் பற்றியதல்ல

"எந்தப் பங்கு என்பது இருக்கட்டும். எந்தப் பணம்? அதை முதலில் சொல்" என்றேன் நாத்தனாரிடம்.

காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்துப் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். மாதச் செலவுக்கு மாடி வாடகை போதாது. ஆகவே 10 லட்சம் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டி வரும். அறுபது வயது ஆனவர்கள் தபாலாபீஸிலோ பாங்கிலோ இந்தக் கணக்கைத் தொடங்கலாம். ஆஸ்பத்திரிச் செலவு, மொட்டை மாடி ஒழுகல், கல்யாணம் கார்த்திகை என்று திடீரென்று வருகிறவற்றுக்காக 4 லட்சம் பாங்க் டெபாசிட். மிச்சம் 6 லட்சம். ஏழெட்டு வருஷத்துக்குத் தொடவேண்டிய அவசியம் இல்லாத பணம் அதுதான்.

பத்து ஆறாகிவிட்டதில் பிள்ளைக்குக் கொஞ்சம் வருத்தம். ஆனால் தாளைப் பார்த்த பிறகு மறுத்துப் பேச முடியவில்லை. பங்குச் சந்தைக்குப் போகும் பணம் நடுவழியில் வீட்டுக்குத் திரும்பி வரவேண்டிய பணமாக இருக்கக்கூடாது. விலை இறங்கியிருக்கும் நாளில் அவசரத்துக்காக விற்பவருக்குத்தான் உண்மையான நஷ்டம்.

சாதம் என்றால் என்ன?

"சரி, ஆறு லட்சத்தையும் அந்த ஒரே பங்கிலே போடலாமா?" என்றாள் நாத்தனார்.

"வீட்டிலே சாப்பாடு எப்படிப் போடுகிறாய்? இலை நிறையச் சாதம். ஓரத்திலே ஒரு துளி ஊறுகாய். இலை நிறைய ஊறுகாயைப் போட்டு ஓரத்திலே ஒரு கைப்பிடி சாதம் வைத்தால் யார் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்? ஒரு கம்பெனியின் பங்கு என்பது ஊறுகாய். சாதம் வேறே இருக்கிறது" என்றேன்.

அந்தச் சாதத்துக்குப் பெயர் இ.டி.எஃப். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். தேசியப் பங்குச் சந்தையில் நிஃப்டி என்று ஒரு குறியீடு உண்டு. நாட்டின் மிகப் பெரிய கம்பெனிகளில் 50-ஐ அவற்றின் அளவுக்கு ஏற்பச் சேர்த்து அளக்கும் படி அது. ஒரு நிதி நிறுவனம் அந்த ஐம்பது கம்பெனிப் பங்குகளையும் அதே விகிதத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, அந்த மொத்தத்தைச் சிறு சிறு யூனிட்டுகளாகப் பிரித்து விற்கிறது. அந்த யூனிட்டுகள் பங்கைப் போலவே சந்தையில் கைமாறுகின்றன. டீமாட் கணக்கு ஒன்று இருந்தால் ஒரு யூனிட்கூட வாங்கலாம். ஒரு யூனிட் வாங்கினால் ஐம்பது கம்பெனியிலும் உங்களுக்கு ஒரு சிட்டிகைப் பாத்தியதை.

இந்த யோசனை பிறந்த கதையும் ருசியானது. அமெரிக்காவில் ஜான் போகிள் என்பவர், எந்தக் கம்பெனி ஜெயிக்கும் என்று ஜோசியம் பார்ப்பதை விட்டு, பெரிய கம்பெனிகள் 500-ஐயும் மொத்தமாக வாங்கி வைத்திருக்கும் நிதி ஒன்றைச் சாதாரண ஜனங்களுக்காக 1976-ல் தொடங்கினார். 15 கோடி டாலர் சேரும் என்று எதிர்பார்த்தார்கள். சேர்ந்ததோ சுமார் 1 கோடியே 10 லட்சந்தான். "போகிளின் அசட்டுத்தனம்" என்று பரிகாசம் செய்தார்கள். அந்த அசட்டுத்தனந்தான் இன்று உலகம் முழுவதும் பரவியிருக்கிறது. 1993 ஜனவரியில் அதே 500 கம்பெனிகளைக் கொண்ட நிதி சந்தையில் கைமாறும் யூனிட்டாக அமெரிக்காவில் வந்தது. நம் நாட்டில் முதல் இ.டி.எஃப். 'நிஃப்டி பீஸ்' என்ற பெயரில் 2001 டிசம்பரில் ஆரம்பமாயிற்று.

"உனக்கு ஒரு வேடிக்கை சொல்லட்டுமா? பிராவிடண்டு பண்டு நிர்வாகமே 2015 ஆகஸ்டிலிருந்து, புதிதாக வரும் பணத்தில் ஒரு சிறு பகுதியை இந்த மாதிரி இ.டி.எஃப்.களில் போட்டு வருகிறது. நீ வகுப்பிலே கணக்குச் சொல்லிக்கொடுத்த காலத்திலேயே அங்கே இந்தச் சாதம் வெந்துகொண்டிருந்தது!" என்றேன்.

நாத்தனார் சிரித்துவிட்டாள். அப்பொழுதுதான் எனக்கும் மூச்சு வந்தது.

ஒரு கம்பெனி விழுந்தால்

பிள்ளை விடுகிறவன் அல்ல. "ஐம்பதிலே ஒன்று மோசமாகப் போனால் அதிலும் நஷ்டந்தானே மாமி?" என்றான். நல்ல கேள்வி.

2009 ஜனவரி 7-ஆம் தேதி. ஹைதராபாத்தில் இருந்த சத்யம் கம்ப்யூட்டர் கம்பெனியின் தலைவர், கணக்குப் புத்தகங்களில் இருப்பது பொய் என்று தாமே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் அந்தக் கம்பெனிக்குச் சிறந்த நிர்வாகத்துக்கென்று விருது கிடைத்திருந்தது! நிஃப்டியிலும் ஸென்ஸெக்ஸிலும் இடம் பெற்றிருந்த கம்பெனி. ஆயினும் என்ன? முதல் நாள் 179 ரூபாய்க்கு விற்ற பங்கு அன்று சாயங்காலம் சுமார் 40 ரூபாய். நூற்றுக்கு 78 பங்கு ஒரே நாளில் போயிற்று.

ஆறு லட்சத்தையும் அதில் போட்டிருந்தவருக்கு மிஞ்சியது 1,32,000 ரூபாய். ஆறு லட்சத்தில் 25,000 மட்டும் அதில் வைத்திருந்தவருக்கு அந்தப் பங்கினால் போனது 19,500. வலிக்கும்; ஆனால் அடுப்பு எரியும். குறியீட்டு நிதி வைத்திருந்தவர்களுக்கும் அன்று நஷ்டம் இல்லாமல் இல்லை. பயத்தினால் ஸென்ஸெக்ஸே அன்று நூற்றுக்கு ஏழு பங்கு இறங்கிற்று. ஆனால் சில நாட்களுக்குள் சத்யத்தை நிஃப்டியிலிருந்து எடுத்துவிட்டு வேறு கம்பெனியைச் சேர்த்தார்கள். நிஃப்டிக் கம்பெனிகளை ஆறு மாதத்துக்கு ஒரு முறை மறுபரிசீலனை செய்வது வழக்கம். சொத்தைக் கத்தரிக்காயைப் பொறுக்கி எறியும் வேலையை நமக்காக ஒருவர் செய்துகொண்டிருக்கிறார். தனிப் பங்கு வைத்திருப்பவர் அந்த வேலையைத் தாமே செய்ய வேண்டும். அப்பாவால் அது முடியவில்லை.

மாவு ஒன்றுதான்!

இ.டி.எஃப். வாங்கலாம் என்று முடிவானதும் பிள்ளைக்கு உற்சாகம் வந்துவிட்டது. செல்போனைத் தட்டி, "அப்படியானால் நிஃப்டி ஒன்று, ஸென்ஸெக்ஸ் ஒன்று, பாங்க் இ.டி.எஃப். ஒன்று, மூன்றும் வாங்கிவிடலாம். மூன்று கூடையில் முட்டை!" என்றான்.

"இட்லி, தோசை, ஊத்தப்பம் மூன்றும் செய்தால் மூன்று பலகாரம் ஆகுமா? மாவு ஒன்றுதானே? மாவு புளித்துப் போனால் மூன்றும் புளிக்கும்" என்றேன்.

ஸென்ஸெக்ஸில் இருக்கும் 30 கம்பெனிகளில் பெரும்பாலானவை நிஃப்டியிலும் இருக்கின்றன. நிஃப்டியிலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பாங்குகளும் நிதிக் கம்பெனிகளுந்தான். அதற்கு மேல் தனியாகப் பாங்க் இ.டி.எஃப். வாங்கினால், உப்புப் போட்ட குழம்பில் மறுபடியும் உப்புப் போட்ட கதை. பெயர் மூன்றாக இருந்தால் போதாது. உள்ளே இருப்பது வேறாக இருக்கவேண்டும். ஆரம்பிக்கிறவர்களுக்கு விரிந்த குறியீடு ஒன்றைப் பின்பற்றும் நிதி ஒன்றே போதும். ஒரு தொழிலை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும் இ.டி.எஃப். பெயரளவில் சாதமாக இருந்தாலும் குணத்தில் ஊறுகாய்தான்.

அரிசி வாங்குகிற மாதிரி

ஒரே நிஃப்டியைப் பின்பற்றும் இ.டி.எஃப்.களைப் பல நிறுவனங்கள் நடத்துகின்றன. அரிசிக் கடையில் மூட்டையைப் பிரித்துக் கையில் அள்ளிப் பார்ப்பதுபோல் நான்கு விஷயங்களைப் பார்க்கவேண்டும்.

முதலாவது, செலவு. நிதியை நடத்துவதற்காக ஆண்டுதோறும் நம் பணத்திலிருந்தே ஒரு தொகையை எடுத்துக்கொள்கிறார்கள். 5 லட்சத்துக்கு நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் என்றால் வருஷத்துக்கு 7,500. நூறு ரூபாய்க்கு ஐந்து பைசா என்றால் 250. சில நிஃப்டி இ.டி.எஃப்.களில் செலவு இந்த ஐந்து பைசாவை ஒட்டியே இருக்கிறது. உள்ளே இருக்கும் ஐம்பது கம்பெனி ஒன்றே என்னும்போது, கூடுதலாக ஏன் கொடுப்பானேன்?

இரண்டாவது, நடமாட்டம். தினந்தோறும் நிறைய யூனிட்டுகள் கைமாற வேண்டும். வாங்குகிறவர் 100 ரூபாய் என்று நிற்க, விற்கிறவர் 102 ரூபாய் என்று நின்றால், இடையில் இருக்கும் 2 ரூபாய் நம் தலையில் விடியும். ஈ ஓட்டும் கடையில் கறிகாய் வாங்கக்கூடாது என்பது நமக்குத் தெரிந்த பாடந்தானே!

மூன்றாவது, நிழல்போல் பின்தொடர்கிறதா என்பது. குறியீடு டிவிடெண்டும் சேர்த்து ஒரு வருஷத்தில் எவ்வளவு ஏறிற்று, நிதி எவ்வளவு ஏறிற்று என்று ஒப்பிட வேண்டும். வித்தியாசம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

நான்காவது, விலையும் உள்மதிப்பும். நிதிக்குள் இருக்கும் பங்குகளின் மதிப்பை யூனிட்டுக்கு இவ்வளவு என்று சந்தை நேரத்தில் அவ்வப்போது வெளியிடுகிறார்கள். சந்தை விலை அதை ஒட்டி இருக்கவேண்டும். பெரிய வியாபாரிகள் மொத்தமாகப் பங்குகளைக் கொடுத்துப் புது யூனிட் பெறவும், யூனிட்டைக் கொடுத்துப் பங்குகளைத் திரும்பப் பெறவும் வழி இருப்பதால்தான் விலை எகிறாமல் நிற்கிறது. அந்த வழி அடைபட்டால் விபரீதந்தான். வெளிநாட்டுப் பங்குகளில் போடுவதற்கு நம் நிதி நிறுவனங்களுக்கு உச்ச வரம்பு உண்டு. அந்த வரம்பு நெருங்கிப் புது யூனிட் வருவது தடைப்பட்ட காலங்களில், சில வெளிநாட்டு இ.டி.எஃப்.களை உள்மதிப்புக்கு மேலே விலை கொடுத்து வாங்கியவர்கள் உண்டு. ஆகவே வாங்கும்போது, "இந்த விலைக்கு மேல் வேண்டாம்" என்று வரம்பு குறித்தே வாங்குங்கள்.

ஊறுகாய் போடும் முறை

"அப்படியானால் பங்கே வாங்கக்கூடாதா?" என்று பிள்ளை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டான்.

"யார் சொன்னது? ஊறுகாய் இல்லாத தயிர் சாதம் ஒரு சாதமா? அளவோடு போட்டுக்கொள்" என்றேன்.

ஆறு லட்சத்தில் ஒரு லட்சம் ஊறுகாய்க்கு என்று ஒதுக்கினோம். ஒரு கம்பெனிக்கு 25,000-க்கு மேல் கூடாது.

"ஊறுகாயிலேயே நாலு ஜாடியா!" என்றார் ஊஞ்சலில் இருந்தவர். அன்று காலை அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

பங்கு வாங்குமுன் நான் கேட்கச் சொன்ன கேள்விகள் இவை. அந்தக் கம்பெனி எதை விற்று, யாரிடமிருந்து பணம் சம்பாதிக்கிறது என்று இரண்டே வாக்கியத்தில் சமையலறையில் இருப்பவருக்குப் புரியும்படி சொல்ல முடியுமா? கடன் எவ்வளவு, அதற்கு வட்டி கட்டும் சக்தி இருக்கிறதா? லாபம் என்று எழுதியிருப்பது ரொக்கமாகவும் உள்ளே வருகிறதா? கம்பெனியை நடத்துகிறவர்கள் தங்கள் சொந்தப் பங்குகளை அடகு வைத்திருக்கிறார்களா? இவை எல்லாம் ரகசியம் அல்ல. கம்பெனியின் ஆண்டு அறிக்கையும் அடகு விவரமும் பங்குச் சந்தைகளின் இணையத் தளங்களிலேயே காசில்லாமல் கிடைக்கின்றன.

பிறகு ஒரு பொதுவான மயக்கத்தைப் பற்றியும் சொன்னேன். "பத்து ரூபாய்ப் பங்கு மலிவு, ஆயிரம் ரூபாய்ப் பங்கு கிராக்கி" என்று நினைக்கிறார்கள். நம் சென்னையைச் சேர்ந்த எம்.ஆர்.எஃப். கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். 1946-ல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்து ஆரம்பித்த தொழில். 2023 ஜூனில் அதன் ஒரு பங்கு ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டது! காரணம் என்ன? அந்தக் கம்பெனி மொத்தத்துக்கும் சுமார் 42 லட்சம் பங்குகள்தாம் உண்டு. ஒரு தட்டு மைசூர்பாகைப் பத்து வில்லையாகப் போட்டால் ஒரு வில்லை பெரிது. நூறாகப் போட்டால் சிறிது. தட்டு அதேதான். வில்லையின் விலையைப் பார்க்காமல், அந்த விலைக்குக் கம்பெனியின் லாபத்தில் நம் பங்குக்கு எவ்வளவு வருகிறது என்று பார்க்கவேண்டும்.

இறங்கும் நாள் வரும்

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்குச் சிநேகிதி அல்ல. சாதமும் சில நாள் குழைந்துபோகும். 2008 ஜனவரியில் 21,000-ஐ எட்டிய ஸென்ஸெக்ஸ் அதே அக்டோபரில் 8,000-க்கும் கீழே போய் வந்தது. மறுபடி 21,000-ஐக் காண 2010 நவம்பர் ஆயிற்று. 2020-ல் கொரோனா வந்தபோது, ஜனவரியில் 12,300-க்கு மேல் இருந்த நிஃப்டி மார்ச் 23-ல் 7,610. அந்த நவம்பரிலேயே 13,000-ஐத் தாண்டிவிட்டது. ஆனால் எல்லாச் சமயமும் இப்படி விரைவில் எழுந்துவிடும் என்று எண்ண வேண்டாம். ஜப்பான் தேசத்து நிக்கேய் குறியீடு 1989 டிசம்பரில் தொட்ட உச்சத்தைத் தாண்ட 2024 பிப்ரவரி வரை ஆயிற்று. முப்பத்துநான்கு வருஷம்! அதனால்தான் பதினான்கு லட்சம் முதலிலேயே வேறு இடத்துக்குப் போயிற்று.

விற்கும்போது வரி உண்டு என்பதையும் மறக்கவேண்டாம். 2024 ஜூலை 23 முதல் உள்ள விதிப்படி, பங்கையோ பங்கு இ.டி.எஃப்.பையோ ஓராண்டுக்குள் விற்ற லாபத்துக்கு நூற்றுக்கு 20. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்தால் ஆண்டுக்கு 1,25,000 ரூபாய் லாபம் வரை வரி இல்லை. அதற்கு மேல் நூற்றுக்குப் பன்னிரண்டரை. சர்க்காரே பொறுமைசாலிகளின் கட்சி!

இன்னும் இரண்டு வார்த்தை. டீமாட் கணக்கில் வாரிசுதாரர் பெயரைக் கட்டாயம் எழுதி வையுங்கள். போனுக்கு வரும் ரகசிய எண்ணைப் பெற்ற பிள்ளை கேட்டாலும் சொல்லாதீர்கள். அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு நீங்களே தட்டுங்கள். வாட்ஸப்பில் முகம் தெரியாதவர்கள் "இன்றே வாங்குங்கள்" என்று அனுப்பும் உபதேசத்துக்குச் சமையலறைக் குப்பைக்கூடையைக் காட்டுங்கள்.

அப்புறம் என்ன ஆயிற்று?

ஐந்து லட்சத்தையும் ஒரே நாளில் போடாமல், மாதம் 50,000 வீதம் பத்து மாதத்தில் ஒரே ஒரு நிஃப்டி இ.டி.எஃப். வாங்குவது என்று நாத்தனார் முடிவு செய்தாள். இப்படிப் பிரித்து வாங்குவதால் லாபம் கூடும் என்று சொல்ல முடியாது. ஆனால் வாங்கிய மறுநாளே சந்தை இறங்கினாலும் மனசு இறங்காது.

அந்த மூன்று மடங்குப் பங்கை 25,000-க்கு மட்டும் வாங்கிக்கொள்ளப் பிள்ளைக்கு அனுமதி கிடைத்தது. ஆண்டு அறிக்கையை முழுவதும் படித்த பிறகு என்பது நிபந்தனை. பத்து நாள் கழித்து அவனே டெலிபோன் செய்தான்.

"மாமி, மூன்று வருஷமாக லாபம் என்று எழுதியிருக்கிறார்கள். ரொக்கம் உள்ளே வந்ததாகத் தெரியவில்லை. இரண்டு வாக்கியத்திலே சொல்ல என்னாலே முடியவில்லை. வேண்டாம் என்று விட்டுவிட்டேன்" என்றான்.

அந்தப் பங்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். விழுந்துவிட்டது என்று சொன்னால் கதை அழகாக முடியும். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா? இந்த ஒரு மாதத்தில் அது இன்னும் கொஞ்சம் ஏறித்தான் இருக்கிறது!

போன ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்திருந்தபோது, அவளுக்கு அதிலே வருத்தமோ என்று மெல்ல விசாரித்தேன்.

"ஏறட்டும் அண்ணி, அவர்கள் நன்றாயிருக்கட்டும். அன்றைக்கு உங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன் மூன்று ராத்திரி நான் தூங்கவில்லை. இப்பொழுது ஒன்பது மணிக்கெல்லாம் தூங்கிவிடுகிறேன்" என்றாள்.

அப்பாவின் காகிதத்தை மறுபடி தகரப் பெட்டியில் வைத்துவிட்டேன். பணமாக அது பெறவேண்டியதைப் பெறவில்லை. ஆனால் முப்பது வருஷம் கழித்து ஒருத்தியின் தூக்கத்தைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டது. அதுவும் ஒரு டிவிடெண்டுதானே?

(அடுத்த வாரம்: தங்கம், வளையலாகவா, யூனிட்டாகவா?)